வானொலி வாங்கிய சனிக்கிழமை

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் வீடு கிடைத்தபோது ஜேசுரட்ணம் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தான். இந்த வீட்டுக்குள் றேடியோ வேண்டாம்.

அகதிகள் விடுதியில் இருந்த காலம் முழுக்க, யாரோ கொண்டுவந்த பழைய றேடியோ ஒன்றைச் சுற்றிக் குந்தியிருந்து எல்லோரும் ஊர்ச் செய்தி கேட்டார்கள். செய்தி முடிந்ததும் மற்றவர்கள் அரசியல் பேசுவார்கள். அவன் மனைவி பேர்பெச்சுவா மட்டும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். மன்னாரில் வெடிச்சத்தம் கேட்டால் இங்கே இவளுக்குக் காய்ச்சல்.

"கேட்டு என்ன செய்யப்போறம்? எங்களால ஒண்டும் ஏலாது. கேளாமல் விட்டால் நித்திரையாவது வரும்" என்று வீடு மாறிய அன்று சொன்னான். அவள் கட்டிலுக்கு விரிப்புப் போட்டாள்.

ஆனால் கேளாமல் விட்டும் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது வந்தது. தொலைபேசியில் வந்தது. வாய் மாறி வாய் மாறி வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் பயத்தைச் சேர்த்து அனுப்பினார்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை காலை, பக்கத்து நகரத்திலிருந்து வின்சன்ற் தொலைபேசி எடுத்தான். விடுதியில் இவர்களோடு ஒரே மாடித்தட்டில் இருந்தவன்.

"அண்ணை, அக்கா பக்கத்தில நிக்கிறாவோ?"

"ஏன்?"

"தலைமன்னாரால ராமேஸ்வரம் போன வள்ளம் ஒண்டு கவிண்டு போச்சாம். உண்மையோ தெரியேல்லை. உங்கட மச்சானும் இந்தக் கிழமைதான் வெளிக்கிடுறதெண்டு சொன்னனீங்கள்..."

ஜேசுரட்ணம் தொலைபேசியைக் காதோடு இறுக்கிக்கொண்டான். ஆனால் பேர்பெச்சுவா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். "பீலிக்ஸோ?" என்றாள். பீலிக்ஸ் அவளுடைய ஒரே தம்பி. மனைவி றோசம்மாவையும் சின்னப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடல் கடக்கப் போவதாகப் போன வாரம்தான் சொல்லியனுப்பியிருந்தான்.

ஊருக்கு எடுத்தால் இணைப்புக் கிடைக்கவில்லை. பாரிஸில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு எடுத்தார்கள். பாதிச் சனம் போய்விட்டது என்றார் அவர். இன்னொருவர் ஒருவருமே மிஞ்சவில்லை என்றார்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று ஜேசுரட்ணம் கேட்டான்.

"ஆரோ கதைச்சவையாம்."

அவன் தொலைபேசியை வைத்தான். யாருமே எதையும் தங்கள் காதால் கேட்கவில்லை. வந்த கோபத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். சனிக்கிழமை, மத்தியானத்தோடு கடைகளைப் பூட்டிவிடுவார்கள்.

மின்சாமான் கடையில், நரைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண் நின்றாள். அவன் தெரிந்த ஜெர்மனில் "குர்ஸ்வெல்லே" என்றான். சிற்றலை. "மிகத் தூரம். இன்றைக்கே வேண்டும்."

அவள் முதலில் காட்டியது இரண்டு ஸ்பீக்கரும் கசெற்றும் வைத்த பெரிய பெட்டி. பார்க்க எடுப்பாக இருந்தது. ஆனால் சிற்றலைக்கென்று விரலகலத்துக்கு ஒரே ஒரு கோடு. அதற்குள் உலகத்து நிலையங்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. முள்ளை மயிரிழை நகர்த்தினால் மூன்று பாஷை தாண்டிப் போயிற்று. அடுத்தது எண்களை அழுத்தி நிலையம் பிடிக்கும் புதுவகை. எந்த எண்ணை அழுத்துவது என்று அவனுக்குத் தெரியாது.

கடைசியில் அவள் கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து தோலுறை போட்ட சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தாள். சிற்றலையை ஏழெட்டுப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக்கோடு போட்டிருந்தது. பெரிய சக்கரத்தால் கிட்டப் போய், சின்னச் சக்கரத்தால் மெல்ல மெல்லத் திருத்தலாம். அவன் அங்கேயே போட்டுப் பார்த்தான். இரைச்சல்தான் வந்தது.

"இங்கே கேட்காதீர்கள். மேலே ரியூப் லைற்றுகள் கத்துகின்றன" என்று சொல்லி, அவள் றேடியோவோடு அவனையும் கூட்டிக்கொண்டு கடைவாசலுக்கு வந்தாள். ஏரியலை முழு நீளத்துக்கு இழுத்துவிட்டாள். எங்கிருந்தோ ஒரு அரபுக் குரல் கணீரென்று வந்தது. "என் கணவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். பற்றரியில் போடுங்கள், சுவர் மின்சாரத்தில் வேண்டாம். அதுவும் இரையும்" என்றாள். பற்றரிகளை அவளே போட்டுக்கொடுத்தாள். அவனுக்கு என்ன அவசரம் என்று அவள் கேட்கவில்லை.

லண்டனிலிருந்து தமிழ்ச் செய்தி வருவது ஐந்து மணிக்குச் சற்று முன்னால். விடுதியில் கேட்ட பழக்கத்தில் ஏறக்குறைய இடமும் தெரியும். யன்னல் ஓரத்தில் றேடியோவை வைத்து முப்பத்தொரு மீற்றர் கோட்டில் சக்கரத்தை உருட்டினான். தூரத்தில் பேச்சுக் கேட்பதுபோல இருந்தது. அதற்குள் யன்னலுக்கு எதிரே ஆற்றுக்கு மேலாக, தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் மின்சார ரயில் வந்தது. றேடியோவுக்குள் கர்ர்ர் என்று ஒரு சத்தம் எழும்பி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அது போக எதிர்ப்பக்கத்து ரயில். மறுபடி கர்ர்ர்.

பேர்பெச்சுவா எழுந்து சப்பாத்தைப் போட்டாள். "இஞ்சருங்கோ, மேல போவம். மலைக்கு."

வீட்டுக்குப் பின்னால் படிகள் ஏறினால் பூங்கா. இருட்டிக்கொண்டு வந்தது; தூறல் வேறு. றேடியோவைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இருவரும் மூச்சிரைக்க ஏறினார்கள். மேலே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து அவன் ஏரியலை இழுத்தான். அவள் குடையைத் தனக்குப் பிடிக்காமல் றேடியோவுக்குப் பிடித்தாள்.

கீழே கேட்ட இரைச்சல் இங்கே இல்லை. சின்னச் சக்கரத்தை ஒரு நூல் அசைத்தான். தமிழ்!

வேறு நாட்டுச் செய்திகள் போயின. பிறகு இலங்கை. பேர்பெச்சுவாவின் குடை ஆடியது. "தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட படகொன்று ராமேஸ்வரத்துக்கு அருகே கவிழ்ந்தது. அதில் பயணம் செய்த..." என்று வரும்போது குரல் அலையோடு கீழே இறங்கிப்போனது. அவன் ஏரியலைத் திருப்பினான். சக்கரத்தைத் தொடப் பயம். குரல் திரும்பி வந்தபோது கொழும்பில் நடந்த ஏதோ பேச்சுவார்த்தை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

"உண்மைதானே அப்ப" என்றாள் அவள். "கவிண்டது உண்மைதானே."

"பொறும். செய்தி முடிய முக்கியமானதைத் திருப்பிச் சொல்லுவினம். பொறும் பேர்பெச்சுவா."

நாயோடு வந்த ஒரு கிழவர், மழைக்குள் றேடியோவுக்குக் குடை பிடிக்கும் இருவரையும் பார்த்து நின்று, பிறகு நாயை இழுத்துக்கொண்டு போனார். ஜேசுரட்ணம் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். பேர்பெச்சுவா எட்டி அவன் முழங்கையைத் தாங்கினாள்.

குரல் எழும்பியது. இந்த முறை பக்கத்தில் நின்று சொல்வதுபோலத் தெளிவாக இருந்தது. "கவிழ்ந்த படகில் பயணம் செய்த இலங்கை அகதிகள் அனைவரும் தமிழக மீனவர்களால் காப்பாற்றப்பட்டு, மண்டபம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்."

"எல்லாருமோ?" என்றாள் அவள்.

"அனைவரும் எண்டுதானே சொன்னது!"

"எனக்கும் அப்பிடித்தான் கேட்டது. நீங்களும் கேட்டனீங்கள்தானே?"

"கேட்டனான். ரெண்டு காதாலயும் கேட்டனான்."

அவள் வாங்கில் தொப்பென்று இருந்து, குடையைப் போட்டுவிட்டு, வாய்விட்டு அழுதாள். விடுதியில் சுவரைப் பார்த்து அழுத அழுகை அல்ல அது. நடுவில் சிரிப்பும் வந்தது. அவனும் பக்கத்தில் இருந்தான். செய்தி முடிந்து இசை போனதும் றேடியோவை நிறுத்த இருவருக்கும் மனம் வரவில்லை.

"பசிக்குது" என்றாள் அவள் கொஞ்ச நேரத்தில். காலையிலிருந்து இருவரும் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டாள். அவன் வின்சன்றுக்கும் பாரிஸுக்கும் தொலைபேசி எடுத்து, "நான் என்ரை காதால கேட்டனான்" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னான். அப்படிச் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது.

நாலைந்து நாளில், மூவரும் சுகமென்று பீலிக்ஸின் தந்தி வந்தது. அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்திலிருந்து பீலிக்ஸே தொலைபேசி எடுத்தான். பேர்பெச்சுவா அழுவதற்கு முன் அவன் புலம்பத் தொடங்கிவிட்டான்.

"அக்கா, றோசம்மான்ர தையல் மெசின் போச்சு. வேண்டாமெண்டு சொல்லச் சொல்லக் கேளாமல் ஏத்தினவ. கடலுக்குள்ள போயிட்டுது. ராவிரவா அதை நினைச்சு அழுறா."

"மெசினோ? டேய், நாங்கள் இஞ்ச செத்துப் பிழைச்சிருக்கிறம், நீ மெசினுக்கு அழுறியோ! பிள்ளை எப்பிடி?"

"பிள்ளைக்கு என்ன? மீன்காரரிட்ட வாங்கி வாங்கித் தின்னுறான்."

பேர்பெச்சுவா தொலைபேசியைக் கணவனிடம் நீட்டினாள். சிரிப்பில் அவளால் பேச முடியவில்லை. ஜேசுரட்ணம் வாங்கி, "பீலிக்ஸ், மெசின் கிடக்கட்டும், வேறை வாங்கலாம். இனிப் பின்னேரத்தில எடுக்காதை, நாங்கள் செய்தி கேக்க மலைக்குப் போற நேரம்" என்றான்.