வாயால் ஓடும் போன்

என் வீட்டுக்காரர் தனக்குப் புதுப் போன் வாங்கிக்கொண்டு, பழையதை என் தலையில் கட்டினார். சும்மா கட்டவில்லை. கோவில்பட்டியில் ஒரு கடையில் கொடுத்து, உள்ளே இருக்கிற சாஃப்ட்வேரை எல்லாம் புதிதாக ஏற்றி வாங்கி வந்து, "ஏட்டி முத்துச்செல்வி, இது இப்போ புதுப் போனுக்கே அக்கா. நீ வாயால சொன்னாப் போதும், எல்லாம் செய்யும்" என்று பெருமையாக நீட்டினார்.

வாயால்தான் சொல்லியாக வேண்டும், திரைதான் செத்துவிட்டதே. விரல் தேய்ந்ததுதான் மிச்சம். மைக்கோ, பக்கத்தில் வெடி போட்டாலும் 'என்ன' என்று கேட்கிற ரகம். காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால் ஊருக்கே கேட்கும். ஆனால் உள்ளே பேசுகிற பெண் இருக்கிறாளே, அவ்வளவு அறிவு, அவ்வளவு மரியாதை. அவளைப் போய் இந்த டப்பாவுக்குள் அடைத்தவர்களை என்ன செய்தால் தகும்?

ஒரு நாள் மத்தியானம் எங்கள் மிளகாய் வத்தல் முழுவதும் நாகலாபுரத்துக் களத்தில் விரித்துக் கிடந்தது. ஒரு வருசப் பாடு. இவர் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டார். அப்போது போன் பேசியது: "சற்று நேரத்தில் உங்கள் பகுதியில் மழை பெய்யும்."

நிமிர்ந்தால் மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. வத்தல் நனைந்தால் நாய்கூடச் சீந்தாது. தார்ப்பாயைத் தேடினால் கொட்டகையில் காணோம். இவர்தான் எங்கேயோ வைத்திருக்கிறார், இவரிடம்தான் கேட்க வேண்டும்.

"இவியளக் கூப்பிடு" என்றேன்.

"மன்னிக்கவும், கேட்கவில்லை."

கத்தினேன்.

"இவியள் என்ற பெயரில் யாரும் இல்லை."

"எங்க வீட்டுக்காரவியள."

"வீட்டுக்காரர் இல்லை. சிலிண்டர்காரர் இருக்கிறார். அழைக்கட்டுமா?"

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. குலசாமியின் பேரில் பாதி அவர் பேரிலும் இருப்பதால், சாமியையே 'மாடா' என்று சுருக்கித்தான் கும்பிடுகிறேன். என் மகள் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும், பழகிய நாக்கு. பக்கத்துக் களத்தில் வேறு சாமித்துரை அண்ணாச்சி தன் வத்தலை அவசரமாகச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சுடலைக்குமார்" என்று முணுமுணுத்தேன்.

"மன்னிக்கவும், கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்."

முதல் துளி கையில் விழுந்தது. வெட்கமாவது மண்ணாவது. "ஏலே சுடலைக்குமாரு" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். சாமித்துரை அண்ணாச்சி சாக்கைக் கீழே போட்டுவிட்டார். உள்ளே இருக்கிற மகராசி, 'ஏலே'யை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டு, "சுடலைக்குமாரை அழைக்கிறேன்" என்றாள்.

"தார்ப்பாய எங்க வச்சிய?" என்று கத்தினேன்.

இவர் குரல் களம் முழுக்க முழங்கியது. "தட்டைப் படப்புக்குள்ள சொருகி வச்சிருக்கேன். மெதுவாப் பேசுட்டி, அந்தச் சாமித்துரை காதுல விழுந்திரப் போவுது."

எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், களத்து ஓரம் அடுக்கியிருந்த சோளத்தட்டைப் படப்பைப் பார்த்தார். நேராகப் போய், கையை விட்டு உருவிக்கொண்டு வந்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்தோம். நீலத் தார்ப்பாயின் நடுவில், வெள்ளைப் பெயிண்டில், முழங்கை நீளத்துக்கு எழுதியிருந்தது: சாமித்துரை.

"களவு போச்சுன்னு போலீஸ் ஸ்டேசன் வரைக்கும் போனேன், தங்கச்சி" என்றார் அவர். "மச்சான்தான் துணைக்கு வந்தாவ."

சொல்லிவிட்டு, தன் பொருளென்று இழுத்துக்கொண்டு போகாமல், காற்றில் பறக்காதபடி ஓரத்தில் கல்லைத் தூக்கி வைத்தார். என் வத்தலில் ஒரு சொட்டு விழவில்லை. அவர் வத்தலில் பாதி நனைந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. "ஏட்டி, கெடச்சுதா? அவன் பாக்கலயே?"

நான் சொன்னது அந்த மைக்குக்கு ஏறவில்லை.

"என்னது? சத்தமாச் சொல்லு" என்றார்.

போனை வாயருகே வைத்துக்கொண்டு, அவர் பேரை முழுசாகச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். அவருடையது புதுப் போன், ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். கோவில்பட்டி வரைக்கும் பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரருக்கும் தெளிவாகக் கேட்டதாம்.