ஆள் இல்லை

வாக்காளர் பதிவு அலுவலகத்தின் பலகையில், நீக்கப்பட்ட பெயர்களை ஒட்டியிருந்தார்கள். நாற்பத்து மூன்று பெயர்கள். அத்தனையும் எங்கள் குடியிருப்பு. அச்சுப்பிழையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். விரல் வைத்து இரண்டாம் முறை படித்தபோது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதவு ஞாபகம் வந்தது. எல்லாம் நான்கு மாதமாக நான் தட்டித் தட்டிப் பெயர் சேர்த்த கதவுகள்.

தையல் கடைக்காரிக்கு இந்த வேலை எதற்கு என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு வாய் நீளம். தெருவில் ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாயைத் தேடித்தான் பக்கத்துக் கடை அச்சகக்காரர் வந்தார். எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்கு ராத்திரி வேலை: ஆஸ்பத்திரி, ரொட்டி ஆலை, சரக்குக் கிடங்கு. ஓட்டு நாளன்று இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். ஓட்டு விழாத இடத்தை எந்த வார்டு உறுப்பினர் எட்டிப் பார்ப்பார்? மூன்று வருடமாகச் சாக்கடை திறந்தே கிடக்கிறது. நம் ஆட்கள் ஒருமுறை வரிசையில் நின்றுவிட்டால் போதும், அப்புறம் அவர்களே நம்மைத் தேடி வருவார்கள் என்றார். அவரை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தேன். என் கூடப்பிறந்தவன்கூட என்னை அவ்வளவு மதித்துப் பேசியதில்லை.

துண்டறிக்கை அடித்து மிஞ்சிய தாளில் அவரே கோடு போட்டுக் கொடுப்பார். வீட்டுக்கு ஒரு வரி. நான் போகும் நேரம் பூட்டியிருந்தாலோ, தட்டியும் திறக்காவிட்டாலோ ‘ஆள் இல்லை’ என்று எழுதுவேன். மறுபடி போகவேண்டும் என்று அதற்கு அர்த்தம். போவேன். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண்ணின் வீட்டுக்கு நான்கு முறை போய், ஐந்தாம் முறை தூக்கக் கலக்கத்தில் பிடித்து விண்ணப்பம் எழுதி வாங்கினேன். ஓட்டுப் போட்டு எனக்கென்னக்கா ஆகப்போகுது என்றவளிடம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். பழைய தாள்களை அண்ணன் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார். பக்கத்துக்குப் பக்கம் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். யார் உழைத்தது என்று நாளைக்கு நாலு பேருக்குத் தெரியவேண்டுமாம். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டேன். அலுவலக எழுத்தர் ஒரு கோப்பைப் பிரித்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். ‘எங்கள் தொண்டர் நேரில் சென்று விசாரித்ததில் கீழ்க்கண்ட முகவரிகளில் ஆள் இல்லை. பெயர்களை நீக்கக் கோருகிறோம்.’ கீழே அச்சகக்காரர் பெயர். பின்னால் குத்தியிருந்தவை என் தாள்கள், என் கையெழுத்தோடு. விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினோம், பூட்டிய வீடு என்று எல்லாம் திரும்பிவிட்டன என்றார் எழுத்தர். தபால்காரர் வந்ததும் பகலில்தானே, உள்ளே எல்லோரும் தூங்கும் நேரம். மறுப்புச் சொல்லக் கெடு நேற்றோடு முடிந்திருந்தது. பட்டியலை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கடையைக் கவனி என்று இரண்டு வாரமாக அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

அச்சகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கடையைத் திறந்து போட்ட அதே உறுப்பினரின் முகம், கும்பிட்ட கையோடு, சுவரொட்டி சுவரொட்டியாக வந்து விழுந்தது. அதைப் பார்த்த பிறகும் அவருக்கு ஒரு வழி விட்டுக் கேட்டேன்.

“தெரியாம நடந்துபோச்சா அண்ணே?”

அவர் தாளை அடுக்கிக்கொண்டே சொன்னார். “நீ எழுதினதத்தாம்மா குடுத்தேன். நான் ஒரு எழுத்துகூடச் சேக்கல.”

நியாயப்படி அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்க வேண்டும். ஊரையே வாங்கு வாங்கென்று வாங்குகிற நான் வாசலைப் பார்த்துத் திரும்பினேன். ஏன் என்றால் அவர் சொன்னது உண்மை. நான் ஏமாந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் கையாலேயே அவர்களை இல்லாமல் ஆக்கிவிட்டாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அடுத்த தடவை சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னது வெளியே வரும்போது காதில் விழுந்தது.

யாரோ சொல்லி அவர்களுக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். முதலில் ஆஸ்பத்திரிப் பெண்ணின் வீடு. மதியம் மணி இரண்டு. ஒரே தட்டில் தாழ்ப்பாள் விலகியது. கண் சிவந்திருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

“உங்களத்தாங்கா நெனச்சேன். லீவு குடுத்துட்டாங்க. பத்து வருஷத்துல நானா வாய்விட்டுக் கேட்டது இதுதான் மொதத் தடவ. ஓட்டுப் போடணும்னு நேராவே சொல்லிட்டேன்.”

கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி என்னை உட்கார வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், நீங்களே தையல்காரி, நீங்களே சொல்லுங்கள் என்று கொடியிலிருந்து இரண்டு சேலைகளை உருவினாள். ஒன்று நீலம், ஒன்று அரக்கு.

“வரிசையில நிக்கறதுக்கு எந்தச் சேலக்கா நல்லாருக்கும்?”

தோளுக்கு ஒன்றாக இரண்டையும் போட்டுக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்து நின்றாள்.