எந்தப் புதுவருஷம்

என் மகள் அபிதாவின் குரல் நிமிஷத்துக்கு மூன்று ரூபாய். அதையும் கேரளத்தில் ஏதோ ஒரு எஸ்.டி.டி. பூத்தில் அவளே கட்டினாள். கட்டப்பனைக்காரன் ஒருவனோடு போய் இரண்டு வருஷம் கழித்து, தேனியில் என் ஏலக்காய்க் கடைக்குப் பேசினாள்.

"புதுவருஷத்துக்கு வாரேன்ப்பா. கதவை அடைச்சிராதீக."

லைன் போய்விட்டது. கடன் கேட்பவனிடம் தேதி வாங்காமல் விடாத நான், மகளிடம் எந்தப் புதுவருஷம் என்று கேட்கவில்லை. திருப்பிக் கேட்க நம்பரும் இல்லை, விலாசமும் இல்லை.

ஜனவரி ஒன்று, இரவு ஆராதனை முடிந்து வந்த எதிர்க்கடை ஆதித்தன் கேக் தந்தார். அவள் வரவில்லை. யுகாதிக்கு, கடையில் காய் பொறுக்கும் ஜக்கம்மா வேப்பம்பூப் பச்சடி கொண்டுவந்தாள். சித்திரை ஒன்றுக்கு எங்கள் வீட்டில் ஓர் இலை கூடுதலாகப் போட்டோம்.

"அங்கன நாளைக்குத்தாங்க விஷு" என்றாள் மனைவி. மறுநாளும் கதவைத் திறந்து வைத்தோம். தெருநாய்தான் எட்டிப் பார்த்தது.

குமுளி லாரி டிரைவர் சிரித்தார். "விஷுவை விடுங்க முதலாளி. மலையாளத்துக்கு ஆண்டு பிறக்கிறது சிங்க மாசம் ஒண்ணாந்தேதி, உங்க ஆவணியில."

ஆவணியும் போனது.

தீபாவளிக்கு அடகுக்கடை சேட் புதுக்கணக்குப் பூஜை முடித்து, இனிப்போடு வந்தார். "எங்களுக்கு இன்னைக்குத்தான் வருஷம் பிறக்குது."

"இதுக்குப் பெறகு யாருக்காச்சும் இருக்கா சேட்டு?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அடுத்தது ஜனவரிதான் என்றார்.

வந்த புதுவருஷம் ஆறு. வரவேண்டியது, மகள் ஒன்று.