கோல் யார் கையில்

வெளிச்சம் வருமுன்னே பனிக்கட்டி உடைக்கத் தொடங்கிவிட வேண்டும். மலை ஏறும் அந்தப் பாதையில் தண்டவாளங்கள் இரண்டல்ல, மூன்று. நடுவில் ஓடும் மூன்றாவதில் பல் வைத்திருக்கும். வண்டியின் அடியிலுள்ள சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக் கவ்வித்தான் செங்குத்தில் ஏறும். இரவில் விழுந்த பனி ஒவ்வொரு பல்லிடுக்கிலும் இறுகிக் கிடந்தது. தவம் முழங்காலூன்றி உளியை வைத்து அடித்தான். தெறித்த துண்டு கன்னத்தில் பட்டு எரிந்தது. கையுறைக்குள் விரல்கள் இன்னும் இருக்கின்றனவா என்று இடையிடையே மடக்கிப் பார்த்துக்கொண்டான். பக்கத்தில் யதுஷன் அவனைப் போலவே குனிந்திருந்தான். சற்றுத் தள்ளி யசோதரனும் நித்தியானந்தனும் சிலிப்பர் கட்டைகளுக்கடியில் கடப்பாரை போன்ற அலவாங்கால் சல்லிக்கல்லை இடித்து இறுக்கினார்கள்.

நால்வரும் இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவர்கள். தடுப்பு முகாமிலிருந்து தற்காலிக விசாவோடு வெளியே வந்து, மெல்பேர்ணில் டண்டினோங் பக்கம் ஒரே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவர்கள். 2012ஆம் ஆண்டுக் குளிர்காலத்துக்கென்று இந்த மலைக்கு ஏற்றிவரப்பட்டிருந்தார்கள். மேலே பனிச்சறுக்கு விளையாட வசதியான குடும்பங்கள் வரும். அவர்கள் கீழே ஸ்டேஷனில் சூடாகக் கோப்பி குடிக்கும் நேரத்துக்குள் இவர்கள் பாதையைச் சரிபண்ணி வைக்க வேண்டும்.

ஸ்டேஷன் சுவரில் ஒரு பித்தளைப் பலகை உண்டு. நூறு வருடங்களுக்கு முன்பு காட்டு மரத்தைக் கீழே இறக்கப் போட்ட கிளைப் பாதை இது, பிறகு உருளைக்கிழங்கு ஏற்றியது, பிறகு மூடிக் கிடந்தது, பிறகு உல்லாசப் பயணிகளுக்காகத் திறக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. திறந்துவைத்த பெரியமனிதர்களின் பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறது. பாறையை வெட்டியவன் பெயர் ஒன்றுகூட இல்லை. வெட்டியவனுக்குப் பெயர் எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

ஆனால் அந்தப் பழையவர்கள் ஒரு நல்ல வழக்கத்தை விட்டுப்போயிருந்தார்கள். ஒற்றைப் பாதை என்பதால் அதற்கு ஒரேயொரு கோல். முழங்கை நீள இரும்பு, தலையில் பித்தளை வளையம். அது யார் கையில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் பாதை. ஓட்டுநரிடம் இருந்தால் வண்டி ஓடும், வேறு எவரும் பாதையில் இறங்கக் கூடாது. வேலைக்காரரிடம் இருந்தால் வண்டி அசையாது. தினமும் தவம்தான் கோலை வாங்கி வந்து இடுப்பில் செருகிக்கொள்வான். வேலை முடித்து அவன் திருப்பிக் கொடுத்த பிறகே முதல் வண்டி கிளம்பும். பாஷை தெரியாதவனுக்கும் விளங்குகிற சட்டம்.

அந்த வருடம் கூட்டம் அதிகம். முதல் வண்டி இன்னும் முந்திப் போக வேண்டுமென்று கம்பனி கேட்டது. ஆள் பிடித்துக் கொடுக்கும் சச்சிதானந்தன் உடனே தலையாட்டிவிட்டார். எண்பதுகளில் வந்து, கக்கூசு கழுவி முன்னேறியதாகத் தானே மேடையில் சொல்லிக்கொள்கிற மனிதர் அவர்.

"இனிக் கோல் தேவையில்லை. டிறைவர் வளைவில ஹோர்ன் அடிப்பா, நீங்கள் விலகி நில்லுங்கோ. உங்களுக்குக் காது இருக்குத்தானே?" என்றார்.

ஓட்டுநர் டெப்ரா இது சரியில்லை என்று மேலிடத்தில் முறையிட்டிருந்தாள். சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றார்களாம்.

கோலில்லாமல் வேலைக்கு இறங்கிய ஒரு காலையில் காற்று மலையிலிருந்து கீழ்நோக்கி அடித்தது. யதுஷனுக்கு முந்தின நாளிலிருந்தே காதுக்குள் குத்து வலி.

"பனி காதுக்குள்ள போகப் போகுது. இஞ்ச வா," என்று தவம் தன் மப்ளரைக் கழற்றி, அவன் காதுகளை இறுக்கி மூடி, நாடிக்குக் கீழே முடிச்சுப் போட்டுவிட்டான். நம் ஆட்களுக்குப் பனி என்றால் முதலில் காதைத்தான் மூடத் தெரியும்.

டெப்ரா வளைவில் ஹோர்ன் அடித்தாள். காற்று அதைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்விட்டது. தவத்துக்கே அது கேட்கவில்லை. காலடியில் தண்டவாளம் அதிர்வதைத்தான் உணர்ந்தான். "யது" என்று கத்திக்கொண்டு பாய்ந்தான். யதுஷன் நிமிர்ந்து பார்த்தபோது வண்டியின் முன்னால் பூட்டியிருந்த, பனி தள்ளும் இரும்புத் தகடு அவன் காலை இழுத்துப்போட்டது. பிரேக் கிறீச்சிட்டு வண்டி நின்ற இடத்தில் பனி சிவந்திருந்தது. ஹெலிகொப்டர் வரும்வரை தவம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். "மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை," என்பதையே யதுஷன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி மறுநாள் பின்னேரம் வந்தது. அதன் பின்னாலேயே சச்சிதானந்தனும் வந்தார். அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டிலுக்குள் ஹீற்றரின் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு விசாரிக்க அரசாங்க ஆள் வருவார். எல்லாரும் ஒரே கதை சொல்லோணும். ஹோர்ன் அடிச்சது, யது காதைக் கட்டிக்கொண்டு நிண்டவன், கவனிக்கேல்லை. அவ்வளவுதான்."

"அப்ப கோல்?" என்று கேட்டான் யசோதரன்.

"கோலைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கத் தேவையில்லை."

"அவன்ர பிழை எண்டு நாங்கள் சொன்னா அவனுக்கு நட்டஈடு கிடைக்குமோ?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன், தம்பி." சச்சிதானந்தன் தவத்தின் பக்கம் திரும்பினார். "காதைக் கட்டிவிட்டது ஆர்? நீதானே. நான் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவைக்காதே."

 இரண்டு நாளாகத் தவத்தின் தொண்டையில் சோறு இறங்கவில்லை. அந்த முடிச்சைப் போட்ட விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கைதான் அவன் காலை எடுத்தது என்று அவனே நம்பத் தொடங்கியிருந்தான். அதை இந்த மனிதர் வந்து, தன் சாமானை எடுப்பது போல எடுத்து விலை பேசுகிறார். அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஓம், நான்தான் கட்டினனான்," என்றான் தவம். "அதை நானே சொல்லுவன். ஆனா ஒண்டு கேக்கிறன். கோல் எங்கட கையில இருந்திருந்தா அவனுக்குக் காது என்னத்துக்கு?"

சச்சிதானந்தன் குனிந்து ஹீற்றரைக் கூட்டி வைத்தார்.

"செவிடனும் நிண்டு வேலை செய்யலாம் அண்ணை, கோல் இருந்தா. அதைப் பறிச்சது நீங்கள். நான் மப்ளர்தான் கட்டினனான்."

"சரி, வீரமாக் கதைக்கிறாய். உங்கட அகதிக் கேஸ் ஒண்டும் இன்னும் முடியேல்லை. பிரச்சினைக்காரர் எண்டு பேர் போனா விசாவுக்கு என்ன நடக்குமெண்டு யோசி. டண்டினோங்கில இந்த வேலைக்கு எத்தினை பேர் நிக்கிறாங்கள் தெரியுமோ?"

"அவங்களுக்கும் ரெண்டு கால்தான் இருக்கு," என்றான் நித்தியானந்தன்.

சச்சிதானந்தன் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "காலமை பாதையில நிக்காதவன் பின்னேரம் இஞ்ச நிக்கேலாது," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பயம் இல்லாமலில்லை. விசா என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பிடிக்கும் மனிதர்கள் அவர்கள். ஆனாலும் யதுஷனின் படுக்கை அங்கே விரித்தபடி கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்லத் தங்களால் முடியாது என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது.

விடியற்காலை அவர்கள் பாதைக்குப் போகவில்லை. அலவாங்குகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் மேடையில் போய் நின்றார்கள். தவம் காதை மூடவில்லை. விபத்துக்குப் பிறகு அவன் காதை மூடவேயில்லை. நித்தியானந்தன் கொடுத்த மப்ளர் அவன் பையில் சும்மா கிடந்தது.

மேலாளர் ஓடிவந்து ஆங்கிலத்தில் படபடத்தார். தவம் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

"நோ ஸ்டிக், நோ வேர்க்."

மேலாளர் டெப்ராவைப் பார்த்துக் கையசைத்தார். ஆட்கள் மேடையில்தான் நிற்கிறார்கள், பாதை காலி, நீ வண்டியை எடு என்றார். அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். கண்கள் வீங்கியிருந்தன, அவளும் தூங்கியிருக்கவில்லை. ஒருவன் காலின் மேல் வண்டி ஓட்டிய கை அவளுடையது. அந்தக் கையில் கோல் இருந்தது.

பல் துடைக்காத பாதையில் ஏற முடியாது, இவர்கள் கோலில்லாமல் துடைக்கவும் மாட்டார்கள், தான் அன்றைக்கே சொன்னதை விசாரிக்க வருபவரிடம் இவர்களோடு நின்று சொல்லப்போவதாக அவள் மேலாளரிடம் சொன்னாள். பிறகு நேராக நடந்துவந்து கோலைத் தவத்தின் கையில் வைத்தாள். "ஸொறி," என்றாள். தவம் தலையை மட்டும் அசைத்தான். அவள் யசோதரனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மேலாளரின் கைத்தொலைபேசியில் சச்சிதானந்தனின் குரல் மேடை முழுக்கக் கேட்டது. எல்லாரையும் வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டதாகச் சொன்னது. சறுக்குப் பலகைகளோடு நின்றவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு கிழவர் மட்டும் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். டெப்ரா அவருக்குச் சொல்லத் தொடங்கினாள். விசாரிப்பவர் இன்னும் வந்திருக்கவில்லை. வந்தால் எந்தப் பக்கம் பேசுவாரோ, அதுவும் தெரியவில்லை.

"அண்ணை, உங்கட காது சிவந்து போச்சு," என்றான் நித்தியானந்தன்.

தவம் கோலை இடுப்பில் செருகினான். பையிலிருந்து மப்ளரை எடுத்து, இரண்டு காதையும் நன்றாக மூடி, நாடிக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டான்.