பரீஹாவின் பல்லும் பளிங்குக் கல்லும்

தேவ்நாரில் பிழைக்க வந்த தமிழர்கள் குடியிருந்த அந்தச் சந்து பரீஹாவின் அழுகையோடுதான் விடியும். மன்சூர் அலி ஒன்பது வயது மகளின் தாடையைப் பிடித்துக்கொண்டு, உப்பும் கரித்தூளும் கலந்து அவள் முன்பற்களை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பல்லெல்லாம் பழுப்புத் திட்டுகள். ஈறில் ரத்தம் வந்ததே தவிர, கறை போகவில்லை.

"ஒழுங்கா வெளக்குனா இப்படியாட்டி இருக்கும்?"

"தினம் ரெண்டு வாட்டி வெளக்குதேன் வாப்பா. அல்லா மேல சத்தியம்!"

ஸ்கூலில் குரூப் போட்டோ எடுத்தபோது அவள் மட்டும் வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றிருந்தாள். படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு இந்த வெறி. "புள்ளைய கொல்லாதீங்க. டாக்டர்ட்ட காட்டுவோம்" என்று மனைவி சாயிரா இரண்டு மாதமாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் அவளே இருவரையும் செம்பூருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பல் டாக்டரம்மா வாயைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

மன்சூர் அலி பெருமையாகத்தான் சொன்னார். அவருக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. எட்டு வருஷத்துக்கு முன்னால், இறந்துபோன தன் வாப்பா பேரில் சந்து முனையில் போரிங் போட்டு, நாலு குழாயும் வைத்தார். கார்ப்பரேஷன் தண்ணீர் விடியற்காலை ஒரு மணி நேரம் வரும். மருந்து வாடை அடிக்கும். போரிங் தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருக்கும். அதனால் சந்து ஜனங்கள் கார்ப்பரேஷன் தண்ணீரில் துணி துவைத்தார்கள், போரிங் தண்ணீரைக் குடித்தார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவதில் நம்மவர்களை யார் மிஞ்ச முடியும்? தண்ணீரைச் சோதித்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வாப்பா பேரைப் பொறித்துக் குழாய்க்கு மேலே பதிக்கப் பளிங்குக் கல் தேடி மூன்று கடை ஏறி இறங்கிய மன்சூர் அலிக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மா சொன்னபடி ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது.

"தண்ணில ஃப்ளோரைடுங்கற உப்பு இருக்க வேண்டியதவிட மூணு மடங்கு இருக்கு. காய்ச்சினாலும் போகாது. ரொம்ப வருஷம் குடிச்சா எலும்பையும் பாதிக்கும்."

"இன்னும் நல்லாத் தேச்சா கறை போவாதா டாக்டர்?"

"தேய்க்கறதுக்கு இது அழுக்கு இல்லைங்க. பல் ஈறுக்குள்ள இருக்கும்போதே விழுந்த கறை. மேல பூசி மறைக்கலாம், அவ்வளவுதான்."

மன்சூர் அலி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது சந்து முனையில் பக்கத்து வீட்டு ஜெயசீலி, கைக்குழந்தை லிசாவுக்குப் பால் பவுடர் கரைக்கப் பாட்டிலில் போரிங் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க பாய். ஒங்க வாப்பா புண்ணியத்துல எம்புள்ள பால் குடிக்கா."

அவர் பாட்டிலை வாங்கிக் கீழே கவிழ்த்தார். பதறியவளிடம், தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஜெயசீலி சந்தில் விளையாடிக்கொண்டிருந்த எட்டு வயது மகன் ஜோன்ஸைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னாள். அவனுக்கும் அதே பழுப்பு.

"போன மாசம் குட்கா போடுதியாலன்னு இவன கரண்டிக் காம்பால அடிச்சேன் பாய். இல்லம்மா, இல்லம்மான்னு கதறுனான். நான் நம்பல." மகனைக் கட்டிக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மன்சூர் அலி சிவப்புப் பெயிண்டால் தமிழிலும் ஹிந்தியிலும் 'குடிக்காதீர்கள்' என்று குழாய்க்கு மேலே எழுதினார். எழுத்து காயும் முன்னே அதன் கீழேயே குடத்தை வைத்தான் எதிர்வீட்டுச் சொரிமுத்து.

"எட்டு வருஷமா குடிக்கோம், எவன் செத்தான்? பல்லு கறுத்தா என்ன, சோறு எறங்காதா?"

வேறு வழியில்லாமல் மோட்டாரை நிறுத்திப் பூட்டினார். கூட்டம் கூடிவிட்டது. தர்மம் என்று கொடுத்துவிட்டு இப்போது பிடுங்குகிறார் என்றார்கள். ரிப்போர்ட்டை நீட்டினார், யாரும் கையில் வாங்கவில்லை.

பரீஹா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இனி நல்ல தண்ணி குடிச்சா வெளுத்துருமா வாப்பா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லம்மா. ஒனக்கும் ஜோன்ஸுக்கும் இனிமே வெளுக்காது."

அவள் பழக்கப்படி கையால் வாயை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மன்சூர் அலி உடைந்துபோய்க் கூட்டத்திடம் சொன்னார்.

"தாகத்துக்குத் தண்ணி கொடுக்கது புண்ணியம்தான். ஆனா தெளிவா இருக்க தண்ணியெல்லாம் நல்ல தண்ணி இல்ல. சோதிச்சுப் பாத்துட்டுத்தான் கொடுக்கணும், பாத்துட்டுத்தான் குடிக்கணும். நான் பாக்காம கொடுத்தேன். எங்க வாப்பா பேரு அந்தக் கல்லுல இருக்கு. நான் செஞ்ச பாவம் இந்தப் புள்ளைங்க பல்லுல இருக்கு."