கண்ணாடித் தட்டின் பசி

பேருந்து ஓட்டுநர் இறந்த இருபத்திரண்டாம் நாள், மதியம் பன்னிரண்டரை மணிக்கு, அவருக்குப் பசித்தது. உடலை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பசித்தது, சாவதற்கு நான்கு நாள் முன்பு பரிசோதனைக்கு என்று அவர் கொடுத்திருந்த மலத்தின் ஒரு துளிக்கு. மனிதக் குடலில் உப்பை விரும்பும் பாக்டீரியா உண்டா என்று தேடிக்கொண்டிருந்த ஆய்வகம் அதை வாங்கி, கடல்நீரைப் போல நான்கு மடங்கு உப்பேற்றிய கூழில் தடவி, உடம்புச் சூடான முப்பத்தேழு டிகிரியில் ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தது. கண்ணாடித் தட்டில் வெளிர் ரோஜா நிறத்தில் கடுகளவு புள்ளி ஒன்று முளைத்தது. முளைத்த அன்றே, உள்ளிருந்து விரலால் தட்டுவதுபோல் மூன்று முறை சத்தம் வந்தது. பெட்டியைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பெட்டியில் கோளாறு இல்லை, உள்ளே இருப்பவருக்குத்தான் ஏதோ வேண்டியிருக்கிறது என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஓட்டுநரின் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். அந்தத் துளியை ஆய்வகம் தொடர்ந்து வைத்துக்கொள்ளச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்தவள், சத்தம் கேட்டதும் பையைக் கீழே வைத்தாள். “உப்பு கேக்குறாரு” என்றாள். முப்பது வருடம், வாயில் வைப்பதற்கு முன்பே உப்பு போட்டுக்கொண்ட மனிதர். அது தன் சமையலுக்குச் செய்யும் அவமரியாதை என்று அவளும் முப்பது வருடம் சண்டை பிடித்தாள். டாக்டர் தடை போட்டதும் உப்பு ஜாடியைத் துணிமூட்டைக்குள் ஒளித்தாள். கடைசி மதியம், வேகவைத்த உருளைக்கிழங்கைப் பார்த்துவிட்டு, அவர் தட்டின் விளிம்பில் மூன்று முறை தட்டி, “ஒரு சிட்டிகை போடேன்” என்றார். “பேசாம சாப்பிடுங்க” என்றாள். அவர் பேசாமல் சாப்பிட்டார். பிறகு பேசவேயில்லை.

ஆய்வகப் பெண் போட்ட உப்புக்குப் புள்ளி சுருங்கியது; மனைவி போட்ட ஒரு சிட்டிகைக்கு மலர்ந்தது. எனவே பதினான்கு மாதம், தையலைப் பாதியில் விட்டுவிட்டுத் தினமும் பன்னிரண்டரைக்கு வந்தாள். காவலாளி அடையாள அட்டை கேட்பதை விட்டுவிட்டார். உப்பு போட்டபின் பெட்டியின் உள்சுவரில் உள்ளங்கையை வைத்து, சூடு அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புள்ளியைப் புதுத் தட்டுக்கு மாற்றினார்கள். கடுகு கடைசிவரை கடுகாகவே இருந்தது.

அதன் மரபணுவை முழுதாகப் படிக்கும் நாள் வந்தது. “செல்லை உடைச்சாத்தான் படிக்க முடியும்க்கா. இருக்கறதே இவ்வளவுதான், மிச்சம் வைக்க முடியாது” என்றாள் ஆய்வகப் பெண்.

“வலிக்குமாம்மா?”

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “தெரியலக்கா.”

அடுத்த இரண்டு வாரம் மனைவி தைத்த சீருடைகளில் பொத்தான் மாறி மாறி விழுந்தது. பிறகு ஒருநாள் ஒளித்துவைத்த ஜாடியோடு வந்தாள். “எத்தனை நாள்தான் மனுஷன் பசியோடவே இருப்பாரு” என்று சொல்லி, ஜாடியை அப்படியே கவிழ்த்தாள். “வேணுங்கற மட்டும் சாப்பிடுங்க.” மறுநாள் பன்னிரண்டரைக்குத் தட்டில் சத்தம் இல்லை. ஒரு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு, தலையசைத்தாள்.

படிக்க மூன்று நாள் ஆனது. முப்பத்தெட்டு லட்சம் எழுத்துகள். இது உப்பைத் தாங்குவதற்கு, இது மிஞ்சியதை வெளியே தள்ளுவதற்கு என்று ஆய்வகப் பெண் திரையில் காட்டினாள். மூன்றில் ஒரு பங்குக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாதாம்.

“கோபம் எதுலயாவது இருக்கா?”

“தேடிப் பாத்தேன்க்கா. இல்ல.”

மனைவி அங்கேயே, அந்த நாற்காலியிலேயே, முதல்முறையாக அழுதாள்.

ஜாடி காலி என்பதால் அன்று உப்பில்லாமல் உருளைக்கிழங்கு வேகவைத்தாள். அதில் உப்பு இருந்தது, கொஞ்சம் தூக்கலாகவே. மறுநாளும் இருந்தது, அடுத்த வருடமும். காலி ஜாடியில் பொத்தான்களைப் போட்டுவைத்தாள். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் கடிந்துகொண்டபோது, “நான் போடலம்மா, வீட்டுக்காரர் போடறாரு” என்றாள். உப்பைக் குறைக்குமாறு கணவரிடம் சொல்லவும் என்று நர்ஸ் அட்டையில் எழுதிக் கொடுத்தாள். அவள் சொல்லவில்லை.