மதாம் ஓடிலின் வெள்ளைச் சீஸ்

மருத்துவிச்சி கொடுத்த தாளில் மூன்றாவது வரியை வாசித்த நிலக்சி தாளைக் கிட்டப் பிடித்து மறுபடியும் வாசித்தாள். பிள்ளைத்தாய்ச்சிகள் காய்ச்சாத பாலில் செய்த சீஸ் சாப்பிடக் கூடாதாம். அதிலுள்ள கிருமி தாய்க்கு வெறும் காய்ச்சலாக வந்து, பிள்ளையைக் கொண்டுபோய்விடலாம். தான் அதைத் தின்றதாக நிலக்சி சொன்னதும், காய்ச்சல் வர இரண்டு மாதமும் எடுக்கலாம், வந்தால் உடனே அழையுங்கள் என்றாள் மருத்துவிச்சி. அநேகமாக ஒன்றும் இராது என்றும் சொன்னாள். அந்த ‘அநேகமாக’ ஒன்று போதாதா, பயந்தவளைக் கொல்ல?

ஐந்து கிழமைக்கு முன் பாரிஸில் ஒரு கலியாணத்துக்குப் போன அவளும் கணவன் கஜதீபனும், அப்படியே ஒரு மலையடிக் கிராமத்தில் ஒரு கிழமை தங்கினார்கள். வீட்டுக்காரி மதாம் ஓடில் ஆடு வளர்த்துச் சீஸ் செய்பவள். அங்கே மத்தியானம் கடை பூட்டு, இரவுச் சாப்பாடு எட்டரைக்கு, பாண் ரொட்டி என்றால் பல்லைப் பதம் பார்க்கும். முதல் இரவு நிலக்சி பாணைத் தவிர ஒன்றையும் தொடவில்லை. மறுநாள் இரவு மதாம் வைத்த வெள்ளைச் சீஸில், கொண்டுபோன மிளகாய்த்தூளைத் தூவிப் பார்த்தாள். அதுமட்டும் வயிற்றில் நின்றது. பிறகென்ன, மூன்று நேரமும் அதுதான். ஊர் பழகிவிட்டது என்று பெருமை வேறு.

வயிற்றில் பிள்ளை என்று மட்டும் மூச்சுவிடவில்லை. போன வருஷம் ஒன்று தங்கவில்லை. இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை ஒருவருக்கும் சொல்வதில்லை, கண்ணூறு நாவூறு படும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பெற்ற தாய்க்கே சொல்லாதவள் பிரெஞ்சுக்காரிக்கா சொல்வாள்? காலையில் ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் குமட்டிச் சத்தியெடுத்த பழியைக் கார்ப் பயணத்தின் தலையில் போட்டாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ அதைத் தந்திருக்க மாட்டா, கஜன்,” என்று வீட்டுக்கு வந்து அழுதாள். “காப்பாத்திறன் எண்டு நானே கெடுத்திட்டன்.”

பால் காய்ச்சியதா என்று கஜதீபன் கைபேசியில் பிரெஞ்சாக்கி மதாமுக்கு எழுதினான். மதாமோ கைபேசியை நினைத்த நேரம் பார்க்கிறவள். பதில் இல்லை.

மறுநாள், தாங்கள் குடியிருக்கும் ஹோர்சன்ஸ் நகரில், தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஒவ்வொரு கிழவருக்கும் காய்ச்சல் பார்த்த கையோடு தனக்கும் பார்த்தாள். முப்பத்தேழு. அடுத்த முறை முப்பத்தேழு புள்ளி இரண்டு. அந்த இரண்டு அவளுக்கு எமனாகத் தெரிந்தது. மத்தியானத்துக்குள் ஏழு தரம் பார்த்துவிட்டாள்.

பன்னிரண்டரைக்குக் கஜதீபன் வாசலில் வந்து நின்றான். வேலையை இடையில் விட்டு வந்திருக்கிறான் என்றதும் கெட்ட சேதிதான் என்று முடிவுகட்டிவிட்டாள். “நீரே வாசியும்,” என்று அவன் கைபேசியை நீட்டினான்.

‘என் சீஸ் எல்லாம் பச்சைப் பாலில்தான். ஆனால் முதல் காலையே கொட்டிலடியில் உங்களைக் கண்டேன். நானும் நாலு பெற்றவள். நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்களுடையதற்கு மட்டும் பாலைக் காய்ச்சினேன். ருசி குறைந்திருக்கும், மன்னியுங்கள்.’

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் படியில் குந்தி, வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கைபேசியை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“அம்மாவுக்கு எடுங்கோ. மதாமுக்குப் பிறகு எண்டாலும் அவவுக்குத் தெரியட்டும்.”